இரக்கம் அல்ல, உரிமை!
கொல்கத்தாவில் 2015இல் மறைந்த நீச்சல் வீரர் மசூதுர் ரகுமான் பைத்யா, சிறுவயதில் ரயில் விபத்தில் இரு கால்களையும் இழந்தவர். 1997இல் ஆங்கிலக் கால்வாயையும் 2001இல் ஜிப்ரால்டர் நீரிணையையும் நீந்திக் கடந்தார். இத்தகையோரைத் ‘தன்னம்பிக்கையின் சின்னம்’ என ஆளும் வர்க்கம் போற்றுகிறது. அப்புகழ்ச்சியில் ஒரு சூழ்ச்சி உண்டு: தனிமனிதத் துணிவே போதுமெனில் அரசுக்குக் கடமை ஏதுமில்லை என்றாகிவிடும்.

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வது அரசின் பொறுப்பு என 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு கூறுகிறது. மறு ஆண்டே மோடி அரசு சக்கர நாற்காலிக்கும் 5 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்தது. நடமாடுவதற்கே வரி கேட்கும் அரசு, பதக்கம் வென்றவரோடு படம் எடுத்துக்கொள்ள மட்டும் முந்துகிறது.

நீச்சல் குளத்திற்குச் சாய்தளம், பயிற்சியாளர், செயற்கைக் கால், நிலையான வேலை ஆகியவை சலுகைகள் அல்ல. போராடி வென்றெடுக்க வேண்டிய உரிமைகள்.