‘குறைந்த செலவு’ என்னும் அடைமொழி யாருடைய செலவில்?

‘குறைந்த செலவில் பல வெளியீடுகள் கொண்ட மின்வழங்கி’ என்பது இந்தியப் பொறியியல் மாணவர்களின் திட்ட அறிக்கைகளில் சலிக்காமல் திரும்பி வரும் தலைப்பு. செலவைக் குறைக்க அவற்றுள் சில கைக்கொள்ளும் வழி, மின்மாற்றியையே நீக்கிவிடுவது. 230 வோல்ட் மாறுமின்னழுத்தத்தைத் திருத்தினால் ஏறத்தாழ 325 வோல்ட் கிடைக்கும். அதிலிருந்து நேரே 5 வோல்ட் எடுக்கப்படுகிறது. ‘எதிர்முனை நியூட்ரல்தானே’ என்பது வாதமாகாது. இருமுள் செருகியைத் திருப்பிச் செருகினால் நியூட்ரல் இருந்த இடத்தில் ஃபேஸ் வந்து நிற்கும். முழு அலைத் திருத்தியிலோ, எப்படிச் செருகினாலும் ஒவ்வொரு சுழற்சியிலும் எதிர்முனை ஃபேஸோடு சேரும். முழுதும் மூடிய எல்இடி விளக்குக்குள் இத்தகைய சுற்று இருக்கலாம்; மாணவர் விரல்படும் ஆய்வகப் பலகையில் இருக்கலாகாது.

மின்மாற்றியை வைத்துக்கொள்ளும் ஃப்ளைபேக் வடிவமைப்புகளிலும் வேறொரு பொய் உண்டு. பின்னூட்டம் 5 வோல்ட் வெளியீட்டிலிருந்து மட்டும் எடுக்கப்படும். 12 வோல்ட் வெளியீடு சுற்றுகளின் விகிதத்தை நம்பி விடப்படும். கணினி உருவகத்தில் சுருள்களின் பிணைப்பு முழுமையானது. ஆகவே எண்கள் அழகாக வருகின்றன. மெய்யான மின்மாற்றியில் கசிவுத் தூண்டல் உண்டு. 5 வோல்ட்டில் சுமை ஏறி, 12 வோல்ட்டில் சுமை இல்லாதபோது அது 12-ஐத் தாண்டி உயரும்; சுமைகள் மாறினால் தாழும். அந்த அட்டவணை அறிக்கையில் இருப்பது அரிது.

‘பாதுகாப்புக்குப் பணம் வேண்டும்’ என்பது இவர்களின் மறுமொழி. முதன்மைப் பக்கத்துக்கும் துணைப் பக்கத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டர் வெற்றிடம் விடப் பணம் வேண்டியதில்லை. ஆப்டோகப்ளரின் கீழே பலகையில் ஒரு பிளவு வெட்டுவது பெருஞ்செலவன்று. டிஎல்431-க்கு இரு வெளியீடுகளிலிருந்தும் பின்னூட்டம் பகிர்ந்தளிக்க இன்னொரு மின்தடை போதும். மூன்றடுக்குக் காப்புக் கம்பியும் ஒய்-வகை மின்தேக்கியும் சற்றே விலை கூடியவைதாம். ஆனால் இரு பக்கங்களையும் இணைக்கும் இடத்தில் சாதாரண மின்தேக்கி வைத்து, அது குறுக்கிணைந்து பழுதானால், மின்மாற்றி தந்த பிரிப்பு முழுவதும் அக்கணமே வீண்.

ஆகவே வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் மூன்றைக் கேட்க வேண்டும்: சிறும, பெருமச் சுமைகளில் ஒவ்வொரு வெளியீட்டின் அளவீடு; முதன்மை, துணைப் பக்கங்களுக்கிடையே உயர் மின்னழுத்தக் காப்புச் சோதனையின் முடிவு; பலகையில் அளந்த இடைவெளி. இவை இல்லாத அறிக்கை ‘குறைந்த செலவு’ என்னும் அடைமொழிக்கு உரியதன்று. பொருட்பட்டியலில் மிச்சமான தொகையைப் பின்னர்ச் செலுத்துபவர், அந்தச் சுற்றைத் தொடுபவரே.