பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கவலை இரண்டு விதம். வரன் வராவிட்டால் ஒரு கவலை. ஒரே வாரத்தில் இரண்டு வரன்கள் வந்துவிட்டாலோ, அது அதைவிடப் பெரிய கவலை! தஞ்சாவூரிலிருந்து ஒரு தாயார் எனக்கு எழுதியிருக்கும் ஏழு பக்கக் கடிதம் இந்த இரண்டாவது ரகத்தைச் சேர்ந்தது.

பெண் எம்.காம். படித்துவிட்டு உள்ளூர்க் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். முதல் வரன் மன்னார்குடிப் பையன். சிங்கப்பூரில் என்ஜினீயர். மாதச் சம்பளம் 5,500 வெள்ளி. இரண்டாவது வரன் மலேசியாவில், ஜோகூர் பாருவில் இருக்கிறது. தாத்தா காலத்திலேயே கப்பலேறிப் போன குடும்பம். பையன் அங்கேயே பிறந்து வளர்ந்த மலேசியப் பிரஜை. அவனும் தினந்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குத்தான் வேலைக்குப் போகிறானாம். சம்பளம் 3,500 வெள்ளி.

"இரண்டு ஊரும் ஒரு பாலத்துக்கு இப்புறமும் அப்புறமுமாக இருக்கின்றன. சம்பளம் அதிகமுள்ள இடத்தில் கொடுத்துவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை" என்று முடித்திருக்கிறார் அந்த அம்மாள்.

அம்மா, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. யோசிக்க நிறைய இருக்கிறது. உங்களுக்கு மட்டும் பதில் எழுதித் தபாலில் சேர்த்துவிடலாம். ஆனால் இதே கேள்வி இன்னும் பல வீடுகளின் கூடத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே எல்லோரும் படிக்கட்டும்.

முதலில் அந்தப் பாலத்தைப் பார்த்துவிடுவோம். நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். 1924ஆம் வருஷம் திறந்தார்கள். அப்போது இரு கரையும் ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் இருந்தன. 1963இல் மலேசியா உருவானபோது சிங்கப்பூரும் அதில் ஒரு பகுதியாயிற்று. இரண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 1965 ஆகஸ்டு 9ஆம் தேதி தனிக்குடித்தனம் போய்விட்டது. பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அண்ணன் வீடு தமிழ்நாட்டைப் போல் இரண்டரை மடங்கு. ஜனத்தொகை சுமார் 3.4 கோடி. தம்பி வீடு சென்னை மாநகராட்சியைப் போல் இரண்டு மடங்குகூட இல்லை. அதில் சுமார் 60 லட்சம் பேர்.

பிரிந்தாலும் கிணறு என்னவோ இன்னும் பொதுதான். 1962இல் செய்த ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து தினம் 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். அதைச் சுத்தம் செய்து ஒரு பங்கை ஜோகூருக்கே விற்கிறது! இந்த ஏற்பாடு 2061 வரை நடக்கும்.

தண்ணீர் பொது, ஆனால் பணம் வேறு. இரண்டு ஊர்த் தமிழர்களும் பணத்தை 'வெள்ளி' என்றே சொல்வார்கள். 1973 வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சமமாகவே மாறிவந்தன. இப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தால் மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. உங்கள் கேள்விக்கு விடை பாதி இங்கேதான் இருக்கிறது.

ஜோகூர்ப் பையனின் 3,500 வெள்ளி பாலத்தைத் தாண்டி வீடு திரும்பும்போது பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. மலேசியாவில் 2025இல் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அப்படியானால் இவன் சம்பளம் அங்கே எவ்வளவு பெரிய சம்பளம் என்று பாருங்கள்! மன்னார்குடிப் பையனின் 5,500 வெள்ளியோ சிங்கப்பூரிலேயே செலவாகிற பணம். அதை நம் ரூபாயில் பெருக்கி 'மூன்று லட்சத்துக்கு மேல்!' என்று வாயைப் பிளப்பதில் பிரயோசனமில்லை. சம்பாதிக்கிற ஊரில் அரிசி என்ன விலை, வாடகை என்ன விலை என்று கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சங்கதி. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம் அல்லவா? சிங்கப்பூர் வரனுக்குப் பதினோராவதாக ஒன்று உண்டு. அதுதான் 'பாஸ்' பொருத்தம்! வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் மனைவியைத் தம் பொறுப்பில் அழைத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சாதாரண 'ஒர்க் பெர்மிட்'டில் இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. உங்கள் மாப்பிள்ளைக்கோ 5,500தான். இப்போதுள்ள நிலையில் கல்யாணம் முடிந்ததும் அவர் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுவார்; உங்கள் பெண் தஞ்சாவூருக்கு ரயில் ஏறுவாள். 500 வெள்ளி உயர்ந்தால் கதவு திறக்கும். எப்போது உயரும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டீர்களா? கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பிறகு மூன்று வருஷம் வாட்ஸ்அப்பில் குடித்தனம் நடத்துவதைவிட, இப்போது ஒரு நாள் வெட்கப்படுவது மேல்.

அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் அவள் அங்கே வேலை பார்க்க வேண்டுமானால், தன் பெயரிலேயே தனி வேலை அனுமதி பெற்றாக வேண்டும். 2021 முதல் இந்த விதி. ஜோகூருக்குப் போகிற பெண்ணுக்கும் இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு போக இடமில்லை. கணவன் பிரஜை என்பதால் மட்டும் மனைவி மறுநாளே வேலைக்குப் போய்விட முடியாது. அங்குள்ள குடிநுழைவுத் துறையில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எம்.காம். படித்த பெண் சும்மா உட்கார்ந்திருக்கச் சம்மதிப்பாளா?

இனி வீடு. சிங்கப்பூரின் பெருமையே அதன் அடுக்கு வீடுகள்தான். 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் அந்த ஊர்வாசிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவானவர்கள் குடியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சொந்த வீடு, 99 வருஷக் குத்தகையில். லிப்ட் உண்டு, கீழே கடை உண்டு, நடக்கிற தூரத்தில் பஸ் உண்டு. ஆனால் இந்த வீட்டை வாங்குகிற பாக்கியம் வேலை அனுமதியில் வந்தவர்களுக்கு இல்லை, வாடகைக்குத்தான் இருக்கலாம். சின்ன வீட்டுக்கே வாடகை மாதம் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் போகிறது.

அதே இரண்டாயிரத்தை ரிங்கிட்டாக எண்ணிக் கொடுத்தால் ஜோகூர் பாருவின் ஓரத்துத் தாமான்களில் மூன்று அறை உள்ள தரை வீடே கிடைத்துவிடும். வாசலில் துளசி வைக்கலாம், கறிவேப்பிலை நடலாம், கோலம் போடலாம். ஆனால் வாசலுக்கும் ஜன்னலுக்கும் இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருப்பார்கள். தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருவில் போகிற பெண்கள் கொஞ்சம் கவனமாகவே இருப்பார்கள். சிங்கப்பூரிலோ ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண் தனியாக ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து போவது அன்றாடக் காட்சி. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதன் விலை தெரியும்.

வண்டி விஷயம் இதற்கு நேர் எதிர். சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு முன்னால், கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். 2023இல் சிறிய காருக்கு உரிய அந்தச் சீட்டே லட்சம் வெள்ளியைத் தாண்டிற்று. கார் விலை தனி! நல்லவேளையாக ரயிலும் பஸ்ஸும் இருப்பதால் கார் இல்லாதது ஒரு குறையாகத் தெரியாது. ஜோகூர் பாருவில் உள்ளூர்த் தயாரிப்புக் கார்கள் மலிவு, பெட்ரோலும் மலிவு. ஆனால் கார் இல்லாவிட்டால் கீரைக்கட்டு வாங்கக்கூட வழியில்லாத தாமான்கள் உண்டு. உங்கள் பெண் மலேசியா போவதானால் வளையலோடு சேர்த்து டிரைவிங்கும் கற்றுக்கொண்டு போகட்டும்.

சாப்பாட்டுக்கு இரண்டு ஊரிலும் குறைவில்லை. அங்கே 'ரொட்டி சானாய்' என்று சாப்பிடுவதையே பாலம் தாண்டியதும் 'பராட்டா' என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள். சிங்கப்பூரின் உணவங்காடிகளுக்கு 2020இலும், மலேசியாவின் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் காலைச் சிற்றுண்டிக்கு 2024இலும் யுனெஸ்கோ மரியாதை கிடைத்தது. இருந்தாலும் சனிக்கிழமை பாருங்கள். சிங்கப்பூர்க் குடும்பங்கள் மளிகைச் சாமான் வாங்கவும் முடி வெட்டிக்கொள்ளவும் ஜோகூர் பாருவுக்குப் படையெடுக்கும்!

குழந்தைகள் விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஜோகூர்ப் பையனுக்கு அங்கே பிறக்கும் குழந்தை மலேசியப் பிரஜை. அரசாங்கக் கிளினிக்கில் பிரஜைகளுக்கு ஒரு ரிங்கிட்டில் வைத்தியம். வரிசையில் காத்திருக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவே. வேலைக்குப் போகும் தாய்க்கு 2023 முதல் 98 நாள் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ள நாடு அது. ஆறாம் வகுப்பு வரை தமிழிலேயே படிக்கலாம். அதற்குமேல் மலாய் மொழிதான்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. நாணயத்தில்கூட 'சிங்கப்பூர்' என்று தமிழில் பொறித்திருக்கிறார்கள். ஆனால் தமிழ் வழிப் பள்ளி 1982க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பள்ளியில் தமிழ் ஒரு பாடம். அங்கே படிப்பின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதில் வருகிற பரீட்சையின் பயத்தையும் குறைத்துச் சொல்ல முடியாது. தாய் தகப்பன் இருவரும் வெளிநாட்டுப் பிரஜைகளானால், அங்கே பிறந்தாலும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது. அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைப்பதும் நிச்சயமில்லை. கிடைத்தாலும் மாதச் சம்பளம் பல நூறு வெள்ளி. ஆயுளைப் பார்த்தால் சிங்கப்பூரில் சராசரி சுமார் 83 வயது, மலேசியாவில் சுமார் 75. தீபாவளிக்கு இரு ஊரிலும் விடுமுறை. தைப்பூசத்துக்கு ஜோகூரில் உண்டு. சிங்கப்பூரில் 1968இல் எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அப்படியானால் ஜோகூர்தான்!' என்று பாயசத்துக்கு அடுப்பு மூட்டிவிடாதீர்கள். அந்தப் பாலத்தை விடியற்காலையில் பார்த்திருக்கிறீர்களா? நாலு மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும். தினமும் மூன்று லட்சம் பேருக்குமேல் கடக்கிற வழி அது. பையன் மூன்றரைக்கு எழுந்து போய், ராத்திரி எட்டுக்கோ ஒன்பதுக்கோ திரும்புவான். ஒரு கிலோமீட்டர் பாலம்தான். கூட்டமான நாளில் அதைக் கடக்க இரண்டு மணி நேரம். மூன்று மடங்காகிற அந்தப் பணத்துக்கு விலையாக அவன் கொடுப்பது தூக்கத்தை. உங்கள் பெண் கொடுப்பது அவனுடைய சாயங்காலங்களை. நாலு கிலோமீட்டர் ரயில் பாதை ஒன்றை 2026 இறுதிக்குள் முடிப்பதாகத் திட்டம் போட்டார்கள். அது ஓடும்போது இந்தக் கஷ்டம் குறையும் என்று நம்பிக்கை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2020 மார்ச் 18ஆம் தேதி, கொள்ளை நோய்க்காக அந்தப் பாலம் மூடப்பட்டது. இரண்டு நாள் முன்புதான் அறிவிப்பு வந்தது. சம்பளம் போய்விடுமே என்று பல்லாயிரம் மலேசியர்கள் மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் தங்கிவிட்டார்கள். ஏதோ சில வாரம் என்று நினைத்தார்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கு பஸ் விட்டதே 2021 நவம்பர் 29இல்தான். முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. இக்கரையில் நின்றால் அக்கரைக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் இருக்கிற குழந்தையைத் தொட முடியாது. எத்தனை தாய்மார்கள் அப்படி இரண்டு வருஷத்தைக் கழித்தார்கள்!

ஆகவே தஞ்சாவூர் அம்மா, சம்பளச் சீட்டை ஓரமாக வையுங்கள். மன்னார்குடிப் பையனிடம், "எப்போது அழைத்துப் போவாய், பாஸ் கிடைக்குமா?" என்று கேளுங்கள். ஜோகூர்ப் பையனிடம், "எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய், உள்ளூரில் வேலை தேடும் உத்தேசம் உண்டா?" என்று கேளுங்கள். இருவரிடமும், "என் பெண் வேலைக்குப் போகலாமா?" என்று கேளுங்கள். எவன் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறானோ, அவனுக்குப் பத்து மார்க் கூடப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஏழு பக்கக் கடிதத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார், பெரியப்பா என்ன சொன்னார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பெண் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே! இந்தப் பக்கத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். கணக்குப் பார்க்கிற பெண் அல்லவா? கூட்டிக் கழித்து அவளே சொல்வாள். அந்தப் பதிலை எனக்கும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.