பாட்டரிக்கு ஆயுள் பத்து ஆண்டு, கம்பெனிக்கு?

தண்ணீர் மீட்டருக்கு வாய் உண்டா?

இப்போது உண்டு! "இன்று இவ்வளவு தண்ணீர் ஓடியது" என்று அதுவே சொல்லிவிடுகிறது. வீட்டுக்கு வீடு ஆள் போய்க் கணக்கு எடுக்க வேண்டியதில்லை. மீட்டருக்குக் கம்பி கிடையாது. உள்ளே சிறிய பாட்டரி ஒன்று இருக்கும். அது பத்து ஆண்டு வரை உழைக்கும்.

வாய் இருந்தால் போதுமா? கேட்பதற்குக் காது வேண்டும். உயரமான இடங்களில் கோபுரம் நாட்டி, அந்தக் காதை வைத்திருப்பவர் வேறொருவர். அவர் திவாலானால்?

பிரான்ஸ் நாட்டில் 2022-ம் ஆண்டு இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போய்விட்டது.

அக்கரையில் நிற்பவர்

ஆற்றின் அக்கரையில் நிற்பவரைக் கூப்பிட வேண்டும். அவரிடம் கதையா சொல்வீர்கள்? "ஓ...ய்" என்று நீட்டி ஒரு குரல் கொடுப்பீர்கள். அது கேட்கும்.

இந்த ரேடியோவும் அப்படித்தான். கொஞ்சமாகப் பேசும். மெதுவாகப் பேசும். ஆகையால் குறைந்த சக்தியிலேயே பல கிலோ மீட்டர் போகும். மற்ற நேரம் எல்லாம் கருவி தூங்கும். பாட்டரி நீடிக்கும் ரகசியம் அந்தத் தூக்கத்தில் இருக்கிறது!

2017-ம் ஆண்டு ஐரோப்பாவில், "லோரா" என்ற முறையில் பேசும் கருவி ஒன்றைப் பலூனில் கட்டிப் பறக்கவிட்டார்கள். அதன் செய்தி 702 கிலோ மீட்டருக்கு அப்பால் கேட்டது! கருவியின் சக்தி 25 மில்லி வாட். 5 வாட் விடிவிளக்கின் சக்தியில் இருநூறில் ஒரு பங்கு. (பலூன் உயரத்தில் இருந்ததால் மலையோ மாடியோ குறுக்கே வரவில்லை. தரையில் இவ்வளவு தூரம் எதிர்பார்க்கக் கூடாது.)

சிக்பாக்ஸ் கதை

பிரான்சில் துலூஸ் நகரின் அருகே 2010-ம் ஆண்டில் "சிக்பாக்ஸ்" என்ற கம்பெனி பிறந்தது. லுதோவிக் லெ முவான், கிறிஸ்தோப் பூர்த்தே என்ற இருவர் தொடங்கியது.

அவர்கள் முறையில் ஒரு செய்திக்கு 12 ஆங்கில எழுத்து அளவுதான் இடம். நாளைக்கு 140 செய்திகள்தான் அனுப்பலாம். காதல் கடிதத்துக்கு உதவாது! மீட்டருக்குத் தாராளம்.

பணக்காரர்கள் நம்பிப் பணம் போட்டார்கள். 2016-ல் மட்டும் 15 கோடி யூரோ திரண்டது. நாட்டுக்கு ஓர் ஏஜெண்டு என்று 70 நாடுகளுக்கு மேல் பரவியது.

ஆனால் வரும்படி? கருவி ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு சில யூரோதான். கோடிக் கணக்கில் கருவிகள் சேர்ந்தால் ஒழியக் கட்டாது. அவை எதிர்பார்த்த வேகத்தில் சேரவில்லை. கொரோனாவும், மின்னணு உறுப்புப் பஞ்சமும் வந்தன. 2022 ஜனவரியில் கம்பெனி கோர்ட்டின் பாதுகாப்பைத் தேடியது.

நல்ல வேளை, மீட்டர்கள் உடனே ஊமையாகவில்லை. சேவையை நடத்திக்கொண்டே, வாங்க ஆள் தேடினார்கள். ஏப்ரலில் கம்பெனி கைமாறியது. வாங்கியவர் யார் தெரியுமா? சிங்கப்பூரில் அதன் ஏஜெண்டாக இருந்த "யுனாபிஸ்" கம்பெனி! கிளைக் கடைக்காரர் தலைமைக் கடையை வாங்கிய கதைதான்.

பெரிய கம்பெனி என்றால்?

சின்னக் கம்பெனி, அதனால் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஜப்பானின் பெரிய டெலிபோன் கம்பெனி டொகோமோ. மீட்டர் போன்ற கருவிகளுக்காக அது 2019-ல் "என்.பி.ஐ.ஓ.டி." என்ற சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மூடிவிட்டது! டொகோமோ திவாலாகவில்லை. வியாபாரம் கட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு நகரசபை லட்சம் மீட்டர் வாங்கும்போது, மீட்டரின் விலையை மட்டும் பார்ப்பது போதாது என்பது நம் எண்ணம். காது யாருடையது என்றும் கேட்க வேண்டும். மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் பதித்ததைத் தோண்டி மாற்றும் செலவு, கடைசியில் வரி கட்டுகிறவர் தலையில்தானே விழும்?

லோரா முறையில் இதற்கு ஒரு வழி உண்டு. நகரசபையோ, கல்லூரியோ, ஒரு விவசாயியோ கூடச் சொந்தமாகக் கோபுரக் கருவி வாங்கி வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் சந்தா வேண்டாம். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. லோரா சில்லின் காப்புரிமை, 2012 முதல் அமெரிக்காவின் "செம்டெக்" என்ற ஒரே கம்பெனியின் கையில்!