ஊசி நூலோடு உட்கார ஓர் அறை வேண்டும்



தீபாவளி நெருங்கினால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சேலைக்குக் குஞ்சம் கட்டித் தருபவர்களைத் தேடி அலைகிறோம். கட்டத் தெரிந்தவர்களோ பெரும்பாலும் நம் அம்மாக்கள் வயதினர். ஐந்தாறு பேர் வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்தாலே கற்றுக்கொள்ளலாம்.

காணொளி போதுமே என்பார்கள். போதாது. குஞ்சத்துக்கான குரோஷா பின்னலில் சங்கிலியை இறுக்கிப் போட்டுவிட்டால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. முதல் வரிசைக்கு மட்டும் சற்றுப் பருத்த ஊசியை எடுத்தால் சரியாகிவிடும். பக்கத்தில் இருப்பவர் நம் விரலைப் பார்த்ததுமே இதைச் சொல்லிவிடுவார்.

மலாய்க்காரர்களின் சொங்கெட் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கலை அது. நம் வீடுகளில் அந்தத் தொடர்ச்சி அறுந்துவருவது வேதனை தருகிறது.

ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஞாயிறு பிற்பகலில் இரண்டு மணி நேரம், நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறையைத் திறந்துவிட வேண்டும். கிள்ளானுக்கும் கோலாலம்பூர் சென்ட்ரலுக்கும் இடையே கொமுட்டர் ரயில் இருப்பதால் இரு ஊராரும் மாறி மாறிக் கூடலாம். நூலும் ஊசியும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். இடம் மட்டும் தாருங்கள்.

வாசகி,
கிள்ளான்