அம்மம்மாவின் றங்குப்பெட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து நண்பர் ஒருவர் அனுப்பிய வாழ்த்து மடலொன்று அண்மையில் நமக்குக் கிடைத்தது. பழுப்பேறிய பழங் கடதாசியைப் பூவிதழ்களாக நறுக்கித் தடித்த மட்டையில் ஒட்டி, மூலையிலே பழைய முத்திரை ஒன்றையும் பதித்திருந்தனர். முத்திரையில் ஆங்கிலத்தில் 'சிலோன்' என்றிருந்தது. 1972 இல் அப்பெயர் மாறிற்று. தமிழில் மட்டும் அன்றும் இலங்கை, இன்றும் இலங்கை. இதனை எண்ணி மகிழ்ந்தவாறே மடலைக் கண்ணருகே கொண்டு சென்ற நாம் திடுக்கிட்டோம். பூவிதழிலே ஒரு குடும்பத்தின் குலமுறை அறுபட்டுக் கிடந்தது. அது ஒரு கல்வெட்டு!

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில், அன்னாரின் வம்ச வரலாற்றையும் இரங்கற் பாக்களையும் அச்சிட்டு உற்றார்க்கு வழங்கும் சிறுநூலையே யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பர். வேண்டிய அளவுக்கே அச்சிடுவர். இரண்டாம் பதிப்பு என்பது அதற்கு இல்லை.

அடுத்து யாழ்ப்பாணம் சென்றபோது, மடலைச் செய்த பெண்ணின் இல்லத்தைத் தேடிச் சென்றோம். இளம்பெண், படித்து முடித்தும் வேலை கிடையாதிருந்த நாளில், காலஞ்சென்ற அம்மம்மாவின் றங்குப்பெட்டியைத் திறந்தாராம். மஞ்சள் பூசிய திருமண அழைப்பிதழ்கள், பஞ்சாங்கங்கள், கூப்பன் புத்தகங்கள், நீல நிற ஆகாயத் தபால்தாள்கள், துருவேறிய குண்டூசியால் கோத்த கடைச் சீட்டுகள் எனப் பெட்டி நிறையக் கடதாசியே. மடல்களும் உறைகளும் சிறு குறிப்பேடுகளும் செய்யத் தொடங்கினார். இன்று வீட்டுச் செலவில் ஒரு பங்கு அதிலிருந்தே வருகிறது.

நாம் குறைபட்டுக் கொண்டபோது அவர் தயங்காமல் விடை சொன்னார்: "அம்மம்மாவும் வெட்டி ஒட்டினவதானே, ஐயா!"

உண்மைதான். அந்த மூதாட்டி கடதாசியைப் பூட்டி வைத்துப் பூசித்தவர் அல்லர். பழைய கொப்பித் தாளில் கச்சான் சரை சுற்றுவார். கோதுமை மாவில் பசை காய்ச்சி, பூச்சி அணுகாதிருக்கத் துருசு சிறிது சேர்த்து, பேரப்பிள்ளைகளுக்குக் கடதாசிப் பெட்டிகள் ஒட்டிக் கொடுப்பார். பேத்திக்குக் கைவந்தது அவ்வித்தையே. மேலும், பெட்டியில் இருந்தால் மட்டும் கடதாசி பிழைத்துவிடுமா? மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தானே அமிலமேறி நொறுங்கும். எஞ்சியதை இராமபாணமும் கறையானும் பார்த்துக் கொள்ளும். இவ்வளவையும் ஒப்புக்கொண்டோம்.

ஆயினும் பழைய நாட்காட்டியும் கல்வெட்டும் ஒன்றாகா என்றோம். நாட்காட்டி ஆயிரம் வீடுகளில் தொங்கியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பின் இடப்பெயர்வுகளில் எத்தனை வீடுகள் தத்தம் பெட்டிகளை இழந்தன! இவ்வூரில் கிடைக்கும் ஒரு கல்வெட்டு எஞ்சிய ஒரே பிரதியாகவும் இருக்கலாம்.

அந்தப் பெண் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், கடிதங்களைப் பிரதியெடுத்துப் புதுத் தாளில் அச்சிட்டு மடல் செய்து பார்த்ததாகவும், பிரதியென்று அறிந்ததும் வாங்குவோர் விலையைக் குறைப்பதாகவும் சொன்னார். "உண்மையான பழசுதான் வேணுமாம்." இதற்கு நம்மிடம் விடை இல்லை. வாங்குகிறவர்களில் நாமும் ஒருவர்தாமே.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகம் இத்தகைய நினைவு மலர்களையும் மின்பிரதியாக்கிச் சேர்த்து வருவதை எடுத்துச் சொன்னோம். அவர் எழுந்து சென்று பெட்டியைக் கொண்டுவந்தார். அடியில் இன்னும் பதினொரு கல்வெட்டுகள் இருந்தன. அவற்றைத் தனியே எடுத்து வைத்தார். பிறகு கழிவுத்தாள் பையைத் தரையிலே கொட்டி, நம் மடலுக்குரிய மீதித் துண்டைத் தேடலானார். அரைமணி நேரத்தில் அகப்பட்டது. இரண்டையும் சேர்த்து வைத்தபோது குலமுறை படிக்கக் கூடியதாயிற்று. கத்தரி சென்ற வழியில் ஒரு பெயர் மட்டும் காணவில்லை.

மடலை அவரிடமே விட்டு வந்தோம்.