துபாஷிகள் போதும்

தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில், அயல்மொழி கற்ற பட்டதாரிகளுக்குக் காத்திருக்கும் வாய்ப்புகளைப் பற்றிய கட்டுரைகள் நாளிதழ் இணைப்புகளில் தவறாமல் வந்துவிடுகின்றன. அழைப்பு மையம், சுற்றுலா வழிகாட்டி, தூதரகம், பன்னாட்டு நிறுவனம், மொழிபெயர்ப்பு முகமை என்று நீளும் அந்தப் பட்டியல் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அதில் உள்ளவை எல்லாமே ஒரே தொழிலின் வெவ்வேறு பெயர்கள் என்பதே நம் குற்றச்சாட்டு. பிறருடைய வணிகத்துக்கு இடையே நின்று சொல் மாற்றிக் கொடுப்பவனுக்கு நம் ஊரில் பழைய பெயர் ஒன்று உண்டு: துபாஷி.

முதலில் அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். வத்தலக்குண்டு போன்ற ஓர் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவர், முதற்பகுதிப் பாடமாகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சை எடுப்பது பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காக. சில பருவங்கள் கடந்தபின் கையில் இருப்பது தன்னை அறிமுகம் செய்துகொள்ளவும் கடையில் விலை கேட்கவும் போதுமான மொழி. நிறுவனங்கள் கேட்பதோ ஐரோப்பிய அளவுகோலில் பி2 அல்லது அதற்கு மேல். ஜெர்மனியில் செவிலியராகப் பணியேற்கவும் வழக்கமாக அந்த அளவே வேண்டியிருக்கிறது. ஜப்பானிய மொழியில் மொழிபெயர்ப்பு வேலைக்கு என்2 நிலை இல்லாமல் கதவு திறப்பதில்லை. இந்த உயரத்துக்கு ஏற்றிவிடும் கூடங்கள், அல்லியான்ஸ் பிரான்சேஸும் கோதே நிறுவனமும், இருப்பது சென்னை போன்ற நகரங்களில். அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் செலவை வெற்றிலைக் கொடிக்காலில் கூலி பார்க்கும் குடும்பம் எப்படி ஏற்கும் என்று எந்த இணைப்பும் எழுதுவதில்லை. ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் தில்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் மொழியை அடிப்படையிலிருந்து கற்பித்துப் பட்டம் தருகின்றன என்ற செய்திகூட நம் மாவட்டப் பள்ளிகளுக்கு முழுதாக வந்து சேரவில்லை.

இவ்வளவையும் தாண்டி ஒருவர் தேர்ந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மின்னஞ்சலையும் இயந்திரக் கையேட்டையும் மொழிபெயர்க்கும் வேலையின் பெரும்பகுதியை இன்று கணினியே செய்துவிடுகிறது. கணினி விட்டுவைத்த பிழைகளைக் குறைந்த கூலிக்குத் திருத்துவதே மனிதருக்கு எஞ்சுகிறது. துபாஷி வேலையின் எதிர்காலம் இதுதான் என்றால், அதையே அயல்மொழிக் கல்வியின் பயன் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பது நேர்மையா?

பயன் வேறிடத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் பேருந்தில் ஏறினால், மலையுச்சிக்குச் சற்று முன்னால் செண்பகனூர் வரும். 1895இல் இயேசு சபையினர் அங்கே நிறுவிய திருஇருதயக் கல்லூரியும், மதுரை மறைமாநிலத்தின் ஆவணங்களும் ஆய்வாளர்கள் பல தலைமுறைகளாகத் தேடிச் சென்றவை. நோபிலி காலம் தொட்டு இங்கே பணியாற்றிய பாதிரிகள் போர்த்துக்கீசியத்திலும் லத்தீனிலும் எழுதி அனுப்பிய கடிதங்களில் திருமலை நாயக்கரும் பஞ்சமும் படையெடுப்பும் சாதிச் சச்சரவும் கண்ணெதிரே நடப்பவையாகப் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் பலவற்றைப் பெர்த்ராந்து பாதிரியார் பிரெஞ்சில் தொகுத்து 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். சத்தியநாத அய்யர் 1924இல் மதுரை நாயக்கர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது அவற்றின் பகுதிகளை ஆங்கிலமாக்கிப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நூறாண்டு கழிந்த பிறகும் நாயக்கர் காலத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் அந்தப் பின்னிணைப்பின் நிழலிலேயே நிற்கிறார்கள். நம் மண்ணைப் பற்றிய சாட்சியத்தை நாம் மூன்றாம் கையில் வாங்கிப் படிக்கிறோம். இதற்கு வெட்கப்பட வேண்டியவர் பிரெஞ்சு படித்த அந்த மாணவர் அல்லர்.

தனிநாயகம் அடிகள் போர்த்துக்கீசியமும் இத்தாலியமும் கற்றது எந்த அழைப்பு மையத்துக்காகவும் இல்லை. அந்தாவோ தெ ப்ரொயன்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அச்சானது. அதன் படியை அவர் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். துபாஷியாக இருந்தவர்களிலும் நாம் நினைவில் வைத்திருப்பவர் ஆனந்தரங்கப் பிள்ளை. டியூப்ளேக்கு அவர் பேசிக்கொடுத்த பேரங்களுக்காக அல்ல, இரவில் உட்கார்ந்து தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்புக்காக.

இலக்கியத்திலும் நிலைமை இதுவே. ராஜமய்யரையும் பி. எஸ். ராமையாவையும் சி. சு. செல்லப்பாவையும் தந்த ஊர் வத்தலக்குண்டு. ‘மணிக்கொடி’யும் ‘எழுத்து’ம் உலக இலக்கியத்தை நோக்கித் திறந்த சன்னல்கள் ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலக் கண்ணாடி பதித்தவை. க.நா.சு. நார்வேயையும் ஸ்வீடனையும் நமக்குத் தந்ததும் அவ்வழியேதான். அவர்கள் காலத்தில் வேறு வழியில்லை. அவர்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் வெ. ஸ்ரீராம் காம்யுவின் ‘அந்நிய’னைப் பிரெஞ்சிலிருந்தே கொண்டுவந்தது 1980இல், மதனகல்யாணியோடு சேர்ந்து ‘குட்டி இளவரச’னைத் தந்தது 1981இல். வழி தெரிந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பதிப்பகங்களின் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய நாவல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருகின்றன. மூலமொழி அறிந்த இளைஞர் ஒருவர் பதிப்பகத்தின் படியேறினால் கிடைப்பது பாராட்டும் பத்துப் பிரதிகளும். பலருடைய பெயர் அட்டையில்கூட இடம்பெறுவதில்லை.

இலக்கியம் சோறு போடுமா என்று கேட்பார்கள். போடாது, அதனால்தான் கேட்கிறோம். யாரையும் பட்டினி கிடந்து மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. 2023 முதல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடக்கிறது; தமிழ் நூல்கள் அயல்மொழிகளுக்குச் செல்லத் தமிழக அரசு நல்கை தருகிறது. வரவேற்கிறோம். ஆனால் அந்த மொழிகளைக் கற்ற தமிழ்ப் பிள்ளைகள் மூலத்திலிருந்து தமிழுக்கு ஒரு நூலைக் கொண்டுவர நம் பல்கலைக்கழகங்கள் என்ன வைத்திருக்கின்றன? வரலாற்றுத் துறையில் லத்தீனோ போர்த்துக்கீசியமோ அறிந்தவருக்கென்று ஓர் இடம் உண்டா? தமிழ்த் துறை பிரெஞ்சுத் துறையோடு சேர்ந்து நடத்தும் முனைவர் பட்ட ஆய்வு எத்தனை?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். பெர்த்ராந்தின் நான்கு தொகுதிகளை முழுமையாகத் தமிழாக்க, இம்மாவட்டத்திலிருந்தே பிரெஞ்சு கற்ற இருவருக்கு மூன்றாண்டு மாத ஊதியமும், அதற்கு முன் பி2 வரை படிக்க விடுதிச் செலவும் கொடுங்கள். மதுரைப் பல்கலைக்கழகமோ காந்திகிராமமோ இதை ஏற்று நடத்தலாம். கடிதங்களில் வரும் ஊர்ப்பெயர்களைச் சரிபார்க்க அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை; பாதிக்கு மேல் அவர்கள் பேருந்து மாறும் ஊர்கள்.