முகம் பார்க்காமல் அனுப்பிவைத்த துக்கம்... எப்போது ஆறும்?

"கடைசியா முகத்தைக்கூட பார்க்கலையே..." கொரோனாவில் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த வீடுகளில் இன்றைக்கும் கேட்கிற வார்த்தை இது. ஊரே மாஸ்க்கை மறந்துவிட்டது. இவர்களால் மட்டும் ஏன் அந்த நாளைத் தாண்டி வர முடியவில்லை?

நம் ஊரில் சாவு, ஒரு குடும்பம் தனியாகச் சுமக்கிற விஷயம் இல்லை. சொந்தபந்தம் கூடும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். அடுப்பு எரியாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சாப்பாடு வரும். எப்படிப் போனார், கடைசியாக என்ன பேசினார் என்று துக்கம் விசாரிக்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி அழும்போதுதான், 'இனி வர மாட்டார்' என்பதை மனசு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்கும்.

2020 மார்ச் ஊரடங்கில், இறுதிச்சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். தொற்றால் இறந்தவரைக் குளிப்பாட்டவும் கட்டிப்பிடிக்கவும் தடை. அதற்குக் காரணம் இருந்தது. ஆனால், அதே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னொன்றையும் சொன்னது. பையின் முகப்பக்கத்தை ஊழியர்கள் திறந்து உறவினர்களுக்குக் காட்டலாம், உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம், அஸ்தியால் ஆபத்தில்லை.

விதி விட்டுவைத்த இந்தக் கொஞ்சத்தையும் பல இடங்களில் பயம் பறித்துக்கொண்டது. 2020 ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியதை மறக்க முடியுமா? கடைசியில் சக மருத்துவர் ஒருவர்தான் மண்ணை அள்ளிப் போட்டு அவரை அடக்கம் செய்தார்.

ஆக, இந்தக் குடும்பங்களுக்கு இழப்பு மட்டுமல்ல, அழுவதற்கான இடமும் இல்லாமல்போனது. "இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்க?" என்று அதட்டினால் அது சரியாகிவிடாது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 'நீடித்த துக்கம்' தனிப் பாதிப்பாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதங்களைத் தாண்டியும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்குத் துக்கம் அழுத்தினால், மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.

மற்றபடி, அன்றைக்கு விட்டுப்போனதை இன்றைக்கும் செய்யலாம். அடுத்த திதிக்குச் சொந்தங்களைக் கூப்பிடுங்க. அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, அவரைப் பற்றி எல்லோரும் பேசுங்க. உங்கள் உறவில் அப்படி ஒரு வீடு இருந்தால், அன்று போக முடியாத துக்கத்துக்கு இப்போது ஒருதடவை போய்வாங்க. "இத்தனை வருஷம் கழிச்சு எப்படிக் கேட்கிறது?" என்று தயங்க வேண்டாம். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.